மணியை உதைத்த கால்

பூசான்,
அக்டோபர் 6, 2004

ஓக்-பூன் அக்காவுக்கு,

போனில் பேசினால் ஒன்று நீ வெட்டுகிறாய், இல்லையென்றால் நான் வெட்டுகிறேன். சூசோக் பண்டிகை முடிந்த எட்டு நாளில் ஆறு தடவை பேசினோம், ஆறும் பாதியில் நின்றது. கடிதத்தை அப்படி வெட்ட முடியாது பார். கிழித்துப் போடலாம். ஆனால் உள்ளே என்ன எழுதியிருக்கிறாள் என்று தெரியாமல் நீ கிழிக்க மாட்டாய். ஐம்பத்தோரு வருஷமாக உனக்குத் தங்கையாக இருக்கிறேன், இதுகூடத் தெரியாதா?

அன்று உன் வீட்டில் நடந்ததை நீ ஊரெல்லாம் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிவதாக உன் மருமகள் சொன்னாள். அதனால் நடந்தபடி எழுதி வைக்கிறேன், சாட்சிக்கு இருக்கட்டும்.

அரிசிக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தோம். கால் கல்லாகக் கனக்கிறது என்று வாய் தவறிச் சொன்னேன். "கால்சட்டையைத் தூக்குடி" என்றாய். தூக்கினேன். ஆடுசதையில் நீலமாக முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "அடியாத்தீ! இது அத்தனையும் செத்த ரத்தம்டி. தேங்கிக் கெட்டுப்போச்சு. குத்தி எடுத்தாத்தான் கால் லேசாகும்" என்று அம்மாவின் ஊசியையும் ரத்தம் உறிஞ்சுகிற கண்ணாடிக் கிண்ணத்தையும் எடுத்து வந்தாய். நானும் மடச்சி மாதிரி காலை நீட்டினேன். சின்ன வயதில் சோறு செரிக்காவிட்டால் அம்மா கட்டைவிரலில் குத்திக் கறுப்பு ரத்தம் எடுப்பாளே, அந்த நம்பிக்கை. அது வரைக்கும் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஆனால் நீ குத்தியது பெரிய முடிச்சின் நடு மண்டையில். ரத்தம் பீய்ச்சிக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தில் போய்த் தெறித்தது. கிண்ணம் நிரம்பிற்று. அப்போதாவது என்னைப் படுக்க வைத்தாயா? "வா, கழுவலாம்" என்று குழாயடியில் நிற்க வைத்தாய். நிற்க நிற்க இன்னும் கொட்டிற்று. உன் மகன் காரை எடுத்திராவிட்டால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் செய்தது இவ்வளவுதான்: என்னைப் படுக்க வைத்தார், காலை இதயத்துக்கு மேலே உயர்த்தினார், துணியை வைத்துப் பத்து நிமிஷம் கையெடுக்காமல் அழுத்தினார். நின்றுவிட்டது. "அம்மா, இது செத்த ரத்தம் இல்ல. மேல ஏற முடியாம நிக்கிற நல்ல ரத்தம். இனிமே ஊசி, கிண்ணம் எதையும் கிட்ட விடாதீங்க" என்றார்.

அந்த நேரத்தில் வராந்தாவில் நின்று நீ சொன்னாயே: "ஒரு சொட்டு ரத்தத்துக்கு மயங்கி விழுறா, இவளா மூணு பெத்தவ!" பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஊசியை மன்னித்துவிடுவேன் அக்கா. அந்தச் சிரிப்பை மன்னிக்க மாட்டேன். நீ மன்னிப்புக் கேட்டு எழுது, பிறகு மற்றதைப் பேசலாம்.

சுன்-தோக்


காங்னுங்,
அக்டோபர் 15

சுன்-தோக்,

வந்தது. கிழிக்கவில்லை.

மன்னிப்பு எதற்கு? உன் கால் வலியைப் போக்கத்தானே குத்தினேன். கதவுக் காகிதத்தை நானே மாற்றி ஒட்டினேன், உன்னிடம் காசு கேட்டேனா?

நம் காலெல்லாம் அம்மாவின் கால். அவளுக்கும் இப்படித்தான் மண்புழு மாதிரி நெளிந்திருந்தது. அவள் எந்த டாக்டரிடம் போனாள்? நான் இந்தப் பள்ளிக்கூடச் சமையல் அறையில் பத்தொன்பது வருஷமாக நிற்கிறேன். எழுநூறு பிள்ளைகளுக்குச் சூப். காலையில் ஏழு மணிக்கு ரப்பர் பூட்ஸ் போட்டால் மூன்று மணிக்குத்தான் கழற்றுவது. வலிக்கத்தான் செய்யும். வலிக்காத கால் பிணத்தின் கால்தான். நீ குளியல் கூடத்தில் பெண்களுக்கு முதுகு தேய்க்கிறாய், வெந்நீர் ஆவியில், ஈரத்தரையில். உனக்கும் வலிக்கும். அதற்கு ஊரைக் கூட்டாதே.

எனக்கும் கணுக்காலில் ஒரு கொசுக்கடி. சொறிந்து புண்ணாகிவிட்டது. தென்ஜாங் வைத்துத் துணி சுற்றியிருக்கிறேன். அம்மா எந்தப் புண்ணுக்கும் சோயா விழுதுதானே வைப்பாள். நான் ஓடினேனா ஆஸ்பத்திரிக்கு?

காய்ந்த கணவாய் இருபது அனுப்பியிருக்கிறேன். அடுப்பில் ரொம்ப வாட்டாதே, ரப்பராகிவிடும்.

ஓக்-பூன்


பூசான்,
நவம்பர் 21

அக்கா,

மன்னிப்பு வரவில்லை, கணவாய் வந்தது. மென்றுகொண்டே எழுதுகிறேன், தாடை வலிக்கிறது.

ரத்தக் குழாய் பார்க்கும் டாக்டரிடம் போனேன். பெண் டாக்டர், என் மூத்தவள் வயதுதான் இருக்கும். என்னை நிற்க வைத்துக் காலில் குளிர்ந்த கூழைத் தடவி, ஒரு கருவியை அழுத்தி, திரையில் என் ரத்தம் ஓடுவதை எனக்கே காட்டினாள். காலுக்கு இறங்கிய ரத்தம் திரும்ப இதயத்துக்கு ஏற வேண்டுமாம். அதற்காக அந்தக் குழாய்க்குள் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றனவாம். மேலே போக விடும், கீழே திரும்ப விடாது. நடக்கும்போது ஆடுசதை பிழிந்து பிழிந்து மேலே தள்ளும். என் தொடையில் இருக்கும் கதவுகள் தளர்ந்துபோய்விட்டன. ஏறிய ரத்தமெல்லாம் திரும்ப வழிந்து கீழே நின்று, குழாய் தாங்காமல் புடைத்து நெளிந்துவிட்டது. எங்கள் கூடத்தில் கீல் போன கதவு ஒன்று உண்டு, உள்ளே போனவள் இடித்தால் வெளியே வந்து நிற்பாள். அந்தக் கதைதான்.

"யாருக்கும்மா வீட்ல இருக்கு?" என்று கேட்டாள்.

"அம்மாவுக்கு. அக்காவுக்கும் இருக்கும், காட்ட மாட்டா."

"எத்தனை பிள்ளைங்க?"

"மூணு."

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நிக்கிறீங்க?"

"பத்து மணி நேரம். வெந்நீர்த் தொட்டி பக்கத்துல."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பரம்பரை, பிரசவம், வயசு, நின்றே செய்கிற வேலை. நான் ஒன்றையும் விட்டு வைக்கவில்லையாம். சூடு பட்டால் குழாய் இன்னும் விரியும், அதனால் கனமும் கூடுமாம். குளிர்காலத்தில் சூடேற்றிய தரையில் காலை நீட்டி வேகவைக்கிறோமே, அதையும் குறைக்கச் சொன்னாள். உயிரே போனதுபோல் இருந்தது எனக்கு.

கூடத்தில் என் கதை வேறு. உள்ளாடையோடு நின்றுதானே தேய்க்கிறோம், காலை எங்கே ஒளிப்பது? போன வாரம் ஒரு மகராசி குப்புறப் படுத்துக்கொண்டே, "ஐயோ, உங்க கால்ல என்ன, ஒட்டுமா அது?" என்றாள். "ஒட்டும். பத்து மணி நேரம் நின்னா உங்களுக்கும் ஒட்டும்" என்றேன். அப்புறம் அவள் முதுகைக் கொஞ்சம் அழுத்தித்தான் தேய்த்தேன், பொய் சொல்வானேன்.

ஜனவரியில் குழாயை லேசரால் மூடிவிடலாம் என்கிறாள். மூடினால் ரத்தம் வேறு நல்ல குழாய் வழியாக ஏறிப் போகுமாம்.

இப்போது ஒன்று கேட்கிறேன். உனக்குக் கொசு கடித்தது அக்டோபரில். உன் மருமகள் நேற்றும் நீ கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். கிம்ச்சி ஊறுகாய் போடுகிற குளிரில் காங்னுங்கில் எந்தக் கொசு உயிரோடு இருக்கிறது?

சுன்-தோக்


காங்னுங்,
டிசம்பர் 10

சுன்-தோக்,

உன் காலைப் பார். என் காலை நான் பார்த்துக்கொள்கிறேன். என் மருமகளை வேவு பார்க்க வைத்திருக்கிறாயா? அவளுக்கு இந்த வருஷம் கிம்ச்சி கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

இருநூறு முட்டைக்கோஸ் உப்பிட்டேன். மூன்று நாள் நின்றேன். ஒன்றும் ஆகவில்லை.

ஒரு செய்தி. மகளிர் சங்கத் தலைவி பியோன் வந்தாள். வருகிற தானோ விழாவில் எங்கள் பகுதிப் பெண்களுக்கு, உயரத்தில் கட்டிய மணியை ஆடிப் போய் உதைக்கிற அந்த ஊஞ்சல் போட்டி வைக்கிறார்களாம், ஐம்பது வயதுக்கு மேல் தனிப் பிரிவு. "நீங்கதான் மூணு வருஷம் தொடர்ந்து மணியை உதைச்சவங்க. நீங்க இல்லாம எப்படி?" என்றாள். கதவைச் சாத்தினேன். அந்தக் கால்கள் போயாயிற்று.

ஓக்-பூன்


பூசான்,
ஜனவரி 19, 2005

அக்கா,

முடிந்தது! இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் காலையில் போனேன், மத்தியானம் நடந்தே வெளியே வந்தேன். தொடையில் சில ஊசி, கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதான். "படுத்தே கிடக்காதீங்க, நடங்க" என்று விரட்டிவிட்டார்கள். இப்போது கஷ்டமெல்லாம் இந்த இறுக்கமான காலுறையால்தான். காலையில் எழுந்ததும் கால் வீங்குவதற்கு முன்னால் மாட்ட வேண்டும். கொழுத்த பன்றிக் குடலில் சேமியாவை அடைக்கிற மாதிரி நானும் என் புருஷனும் சேர்ந்து அடைக்கிறோம். முதல் நாள் அவருக்கு வியர்த்து ஊற்றிவிட்டது. "கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு கஷ்டப்படலடி" என்கிறார்.

அக்கா, பத்து நாளாக இரவில் கெண்டைக்கால் பிடிக்கவில்லை. சாயங்காலம் படியேறும்போது கால் என் கால் மாதிரி இருக்கிறது. எத்தனை வருஷமாயிற்று!

இனி உன் விஷயம். டாக்டரிடம் கேட்டேன். புடைத்துத் தெரிவது மட்டும் என்றால் ஆறப் போடலாம், அவசரமில்லை. ஆனால் கணுக்கால் பக்கம் தோல் பழுப்பாகி, அரித்து, இறுகினால் தள்ளிப் போடக் கூடாது. அங்கே வருகிற புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் அது கொசுவும் இல்லை, சொறியும் இல்லை. தேங்கிய ரத்தம் தோலைப் பட்டினி போட்டதால் வந்தது. மேலே எதைப் பூசினாலும் ஆறாது, கீழே தேங்குவதை நிறுத்தினால்தான் ஆறும். அதோடு இன்னொன்றும் சொன்னாள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாகி வலித்தால், அதோடு மூச்சும் வாங்கினால், மறுநாள் என்றுகூடக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

உன் புண்ணுக்கு மூன்று மாசம் ஆகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய். பிப்ரவரியில் நம் சந்திரப் புத்தாண்டுக்கு வருகிறேன். உன் துணியை நானே அவிழ்க்கிறேன்.

சுன்-தோக்


காங்னுங்,
பிப்ரவரி 14

சுன்-தோக்,

அவிழ்த்தாய். பார்த்தாய். திருப்திதானே?

புத்தாண்டு அன்று, மருமகள் முன்னால், பேரப்பிள்ளைகள் முன்னால், என் காலைப் பிடித்துக்கொண்டு "அம்மா கால், அம்மா கால்" என்று ஒப்பாரி வைத்தாய். அரிசிக் கேக் சூப் ஆறிப்போயிற்று. நான் கத்தியதும் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மணி பஸ் ஏறிவிட்டாய். போ.

ஆனால் நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டால் எனக்கே உறுத்துகிறது. ஏன் மறைத்தேன் என்று கேட்டாய்.

அம்மாவின் புண் ஒன்பது வருஷம் ஆறவில்லை. அவள் வந்தால் பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்துவார்கள், நாற்றத்துக்கு. நீ சின்னவள், மறந்திருப்பாய். நான்தான் அந்தத் துணியைத் துவைத்தேன். என் காலில் அது வந்த அன்று, சரி, முறை வந்துவிட்டது என்று நினைத்தேன். முறை வந்ததற்கு டாக்டர் என்ன செய்வார்?

அப்புறம் சமையல் அறை. பிள்ளைகள் சாப்பாடு செய்கிற இடத்தில் சீழ் வடிகிற காலோடு ஒருத்தி நிற்கிறாள் என்று தெரிந்தால் அன்றைக்கே வெளியே போ என்பார்கள். எனக்கு வேறு என்ன தெரியும்? சூப் வைக்கத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஊஞ்சலை நான் ஏன் விட்டேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு முப்பது வயது, இரண்டாவது பையன் பிறந்த அடுத்த வருஷம். உச்சிக்குப் போய்விட்டேன், மணி என் கால் முன்னால் இருக்கிறது. பாவாடை காற்றில் பறக்கிறது. கீழேயிருந்து ஒருவன், "டேய், அவ கால்ல மண்புழு ஊருதுடா, பாரு!" என்றான். ஆற்றங்கரை முழுக்கச் சிரித்தது. நான் உதைக்கவில்லை. இறங்கி வீட்டுக்குப் போனேன். இருபத்தேழு வருஷம் ஆகிறது, குட்டைப் பாவாடை உடுத்தவில்லை.

இதை யாரிடமும் சொல்லாதே. இனி வராதே.

ஓக்-பூன்


பூசான்,
பிப்ரவரி 22

அக்கா,

வராதே என்றாய், அதனால் வரவில்லை. எழுதாதே என்று சொல்லவில்லை.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அழுதேன், அது உனக்குப் பிடிக்காது என்று தெரியும். பிறகு எனக்கு ஆத்திரம் வந்தது. எவனோ ஒரு வெட்டிப்பயல் பல் இளித்தான் என்று இருபத்தேழு வருஷம் காலை மூடி வைத்திருக்கிறாயே, நீயா எனக்கு அக்கா? பக்கத்துத் தெருப் பையன் என் சடையை இழுத்ததற்கு அவனை முள்ளங்கிப் பாத்தியில் புதைக்கப் போனவளா நீ?

முறை வந்தது என்கிறாய். எனக்கும் அதே முறைதான் வந்தது, இதோ காலுறை மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அம்மா காலத்தில் யாருக்கும் தெரியவில்லை. நமக்குத் தெரியும். தெரிந்த பிறகும் அம்மா மாதிரியே இருப்பேன் என்றால் அது பாசம் இல்லை, பிடிவாதம்.

அதனால் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். சங்கத் தலைவி பியோனுக்குப் போன் செய்து ஊஞ்சல் போட்டிக்கு உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். ஐம்பதுக்கு மேற்பட்டோர் பிரிவு, ஓக்-பூன், முன்னாள் வெற்றியாளர். நோட்டீஸில் அச்சாகப் போகிறது. ஜூன் 11. இன்னும் பதினைந்து வாரம் இருக்கிறது. நீ வராவிட்டால் உன் இடத்தில் நான் ஏறுவேன் என்றும் சொல்லியிருக்கிறேன். வீட்டுக் கூரை உயரம்கூட நான் ஒருநாளும் போனதில்லை என்பது உனக்குத் தெரியும். குடும்ப மானத்தை ஆற்றில் விடுவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.

சுன்-தோக்


காங்னுங்,
மார்ச் 26

அடி கழுதை சுன்-தோக்,

நோட்டீஸ் வந்துவிட்டது. மீன் கடையில் ஒட்டியிருக்கிறார்கள். "என்ன ஓக்-பூன், பறக்கப் போறியா?" என்று மீன்காரி கேட்கிறாள். உன்னை நேரில் பார்த்தால் தோலை உரிப்பேன்.

அதற்கு முன்னால் நடந்ததைக் கேள்.

பள்ளி திறந்த இரண்டாவது வாரம். சோயா முளை சூப் கொதிக்கிறது. பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினேன், காலுறையில் ஈரமாக மஞ்சள் கறை. சத்துணவுப் பொறுப்பாளர் பார்த்துவிட்டாள். இருபத்தாறு வயதுப் பெண். "அம்மா, அது என்ன?" என்றாள். தொலைந்தேன் என்று நினைத்தேன். துணியை அவிழ்த்துக் காட்டினேன். ஒளிக்க இனி என்ன இருக்கிறது?

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்தேன். "போயிடுறேன்மா. சூப்புக்கு உப்பு மட்டும் இன்னும் போடல" என்றேன்.

அப்போது அரிசி கழுவுகிற குவாக், உனக்குத் தெரியுமே, எருமை மாதிரி இருப்பாள், வாய் திறந்து பேசினதே இல்லை. அவள் வந்து என் பக்கத்தில் நின்று கால்சட்டையை முழங்கால் வரைக்கும் சுருட்டினாள். இரண்டு காலிலும் நீலக் கொடி. "இவ போனா நானும் போகணும்" என்றாள். அவளைப் பார்த்து வறுவல் செய்கிறவள் சுருட்டினாள். தட்டு கழுவுகிற இருவரும் சுருட்டினார்கள். ஐந்து பேர் வரிசையாக நிற்கிறோம், பத்துக் கால், ஒன்றுகூடச் சுத்தமில்லை. அத்தனை வருஷமும் ஒருத்திக்கு ஒருத்தி மறைத்திருக்கிறோம்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குவாக்கும் சிரித்தாள். சூப் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

அந்தப் பெண் அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாரையும் அனுப்ப மாட்டேன். ஓக்-பூன் அம்மா மட்டும் இன்னிக்கே டாக்டர்கிட்ட போகணும், புண்ணு ஆறினதும் அடுப்புக்குத் திரும்பணும்" என்று தன் காரிலேயே ஏற்றிக்கொண்டாள். அது வரைக்கும் எனக்கு அலுவலக அறையில் ரசீது அடுக்குகிற வேலை. உட்கார்ந்தபடி.

இங்கே டாக்டர் கிழவர். புண்ணைப் பார்த்தார், குனிந்து முகர்ந்தார், நிமிர்ந்தார்.

"தென்ஜாங்கா?"

"ஆமா."

"வீட்டுல செஞ்சதா, கடையில வாங்கினதா?"

"வீட்டுல செஞ்சது. மூணு வருஷம் பழசு."

"அருமையான வாசனை. சூப்ல போடுங்கம்மா, கால்ல போடாதீங்க."

ஐம்பத்தேழு வயதில் முதல் தடவையாக ஒரு டாக்டரைப் பிடித்துப்போயிற்று.

கணுக்காலில் ரத்த அழுத்தம் பார்த்தார். காலுக்கு இறங்குகிற ரத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்காமல் இறுக்கிக் கட்டினால் ஆபத்தாம். நன்றாக வருகிறதாம். புண்ணைக் கழுவி, பாதத்திலிருந்து முழங்கால் வரைக்கும் அடுக்கடுக்காகக் கட்டிவிட்டார். உட்கார்ந்தால் காலைத் தலையணைமேல் வை, மற்ற நேரம் நட, சும்மா நிற்காதே. வாரம் ஒருமுறை வா. புண் மூடியதும் குழாயை மூடலாம். மூன்று கட்டுக்குள் புண் பாதியாகிவிட்டது சுன்-தோக். அம்மாவுக்கு ஒன்பது வருஷம். எனக்கு மூன்று கட்டு. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், இதையும் யாரிடமும் சொல்லாதே.

போட்டிக்குப் போவேன் என்று நினைக்காதே. பெயரை எடுத்துவிடச் சொல்லப் போகிறேன்.

ஓக்-பூன்


பூசான்,
மே 12

அக்கா,

பெயரை எடுத்தாயா என்று பியோனிடம் கேட்டேன். "அவங்க வந்து ஊஞ்சல் கயிறு தடிப்பா இருக்கான்னு பாத்துட்டுப் போனாங்க" என்றாள். ஆகா!

புண் மூடிவிட்டது, குழாயையும் மூடியாயிற்று என்று உன் மருமகள் சொன்னாள். அவளுக்குக் கிம்ச்சி கொடு, பாவம்.

நான் உன்னிடம் ஒரு பெருமை அடித்துக்கொள்ள வேண்டும். போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் தேய்க்கப் படுத்தாள். இடது கால் மட்டும் வலதைவிட ஒன்றரை மடங்கு, தொட்டால் கொதிக்கிறது. முந்தின நாள்தான் வீங்கியதாம், வெந்நீரில் ஊறி நன்றாகத் தேய்த்தால் சரியாகும் என்று வந்திருக்கிறாள். "தேய்க்க மாட்டேன். எழுந்து துணியைப் போடுங்க" என்றேன். சண்டைக்கு வந்தாள். முதலாளியம்மாவும் வந்து கத்தினாள். நான் துண்டோடு வெளியே ஓடிப்போய் டாக்சியை நிறுத்தி அவளை ஏற்றிவிட்டேன். உள்ளே ரத்தக் கட்டி அடைத்திருந்ததாம். அவள் புருஷன் நேற்று ஒரு பெட்டி ஆரஞ்சு கொண்டுவந்து கும்பிட்டுவிட்டுப் போனான். முதலாளியம்மா இப்போது என்னை டாக்டரம்மா என்று கூப்பிடுகிறாள். முன்பு சுன்-தோக் என்றுகூடக் கூப்பிட்டதில்லை.

தானோ இந்த வருஷம் சனிக்கிழமையில் வருகிறது. எங்களுக்குக் கூட்டம் அலைமோதும் நாள், லீவு கிடையாது என்கிறாள். உன்னை நேரில் பார்க்க முடியாது. ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு இங்கே தேய்ப்பதை நிறுத்திவிட்டு நிற்பேன். உதை அக்கா. அந்த மணியை உடைத்துப் போடு.

சுன்-தோக்


காங்னுங்,
ஜூன் 12, 2005

என் தங்கை சுன்-தோக்குக்கு,

கயிற்றைப் பிடித்துப் பிடித்துக் கை கொப்புளித்திருக்கிறது, எழுத்து கோணலாக இருக்கும்.

முந்தாநாள் டாக்டரிடம் கேட்டேன், ஏறலாமா என்று. "கீழே விழுந்தா நான் பொறுப்பில்ல. காலைப் பொறுத்தவரைக்கும் தாராளமா ஏறலாம், ஆடுசதைக்கு நல்லது" என்றார். வேடிக்கை பார்க்க அவரும் வந்திருந்தார், சோளம் தின்றுகொண்டு.

சமையல் அறை முழுக்க வந்தது. இதைச் சொல்ல மறந்தேனே, இப்போது அங்கே ஐந்து முக்காலி இருக்கிறது. காய் நறுக்குவதும் முளை ஆய்வதும் உட்கார்ந்துதான். அந்தச் சின்னப் பெண் தலைமையாசிரியரிடம் போய் மல்லுக்கட்டி வாங்கினாள். குவாக் தன் முக்காலியில் யாரையும் உட்கார விடுவதில்லை.

என்னோடு போட்டியிட்டவர்கள் ஏழு பேர். ஆறு பேர் மணியைத் தொடவில்லை. ஒருத்தி இரண்டு தடவை தொட்டாள். கடைசியாக என்னைக் கூப்பிட்டார்கள். சிவப்புப் பாவாடை உடுத்தியிருந்தேன். உள்ளே அந்த இறுக்கமான காலுறை. கணுக்காலில் பழுப்பு இருக்கத்தான் இருக்கிறது, அது போகாதாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

பலகையில் ஏறி நின்றதும் முழங்காலுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. மடக்கு, நிமிர், மடக்கு, நிமிர். ஆறு ஆட்டத்தில் மரத்தின் கிளை உயரம். எட்டாவது ஆட்டத்தில் ஆறு தெரிந்தது, பாலம் தெரிந்தது. காற்று பாவாடையை அப்படியே தூக்கிக் கொண்டுபோயிற்று. கீழேயிருந்து எவனோ ஒருவன், "பாருடா, கிழவி மருந்துக் காலுறை போட்டுக்கிட்டு ஏறிருக்கா!" என்று கத்தினான். கொஞ்சம் பேர் சிரித்தார்கள்.

சுன்-தோக், அந்த நிமிஷம் எனக்கு மறுபடி முப்பது வயது. இறங்கிவிடலாம் என்று கை கயிற்றைத் தளர்த்திவிட்டது. அப்போது குவாக்கின் குரல் கேட்டது, அந்த ஊமையின் குரல். "ஆமாடா, போட்டிருக்கா! நானும் போட்டிருக்கேன்! உன் அம்மா காலைப் போய்ப் பாருடா!" என்று கரையே அதிரக் கத்தினாள். இப்போது சிரிப்பு அந்தப் பயலைப் பார்த்துத் திரும்பியது.

உதைத்தேன். ஒரு தடவை இல்லை, ஒன்பது தடவை. ஒன்பதாவது உதையில் மணியின் நாக்கு கழன்று கூட்டத்தில் விழுந்தது. உடைத்துப் போடு என்றாயே, உடைத்துவிட்டேன். நேரம் இரண்டு மணி பத்து நிமிஷம். நின்றாயா?

வெற்றிக்குத் தங்க மோதிரம் கொடுத்தார்கள். அது எனக்கு. இதோடு வைத்திருக்கும் சிவப்பு ரிப்பன் மணியில் கட்டியிருந்தது, அது உனக்கு.

அங்கே மேலே இருந்தபோது ஒன்று உறைத்தது. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் என் காலைக் காட்டி ஊரைச் சிரிக்க வைத்தான், நான் ஊஞ்சலையே விட்டேன். போன சூசோக்கில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் உன்னைக் காட்டி ஊரைச் சிரிக்க வைத்தேன். நான் ஏன் அப்படிச் சொன்னேன் தெரியுமா? பயம்டி. உன் ரத்தம் நிற்கவில்லை. என் கையால் என் தங்கையைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். பயந்தது தெரியக் கூடாது என்று வாயைத் திறந்தேன், வந்தது அதுதான். ஊசிக்கும் சேர்த்து, அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து, என்னை மன்னித்துவிடு. எட்டு மாசமாகத் தொண்டையில் நின்றது இது.

அம்மாவின் கண்ணாடிக் கிண்ணத்தில் இப்போது மிளகாய்ப் பொடி வைத்திருக்கிறேன். ஊசியால் உன் பழைய கால்சட்டையின் கிழிசலைத் தைத்தேன்.

கை வலிக்கிறது. இனி எழுத மாட்டேன். நாளைக்கு மத்தியானம் போன் பண்ணு. முக்காலியில் உட்கார்ந்துகொண்டு காத்திருப்பேன். நான் வெட்ட மாட்டேன்.

அக்கா